முப்பத்து நான்காம் வாயில்

பேனா உறைந்துவிடும். அதனால் பென்சில்,
நூலில் கட்டிக் கழுத்தில் தொங்குகிறது.
கையில் ஓர் அட்டை.
முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வரை
ஐந்து வாயில்கள் என் பொறுப்பு.
சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு.

வார நாட்களில் போவெட்ஸ் அஞ்சலகத்தில்
பொட்டலம் நிறுப்பவள் நான்.
இருபது கிராம் கூடினாலும் தபால்தலை கேட்பவள்.
ஊரில் அதற்கென்றே எனக்கொரு பட்டப்பெயர் உண்டு.
அது இங்கே வேண்டாம்.

இன்று பதினேழு நாட்டுப் பிள்ளைகள்
கானின் மலையில் இறங்குகிறார்கள்.
பதினைந்து வயது, பதினாறு.
முன்னங்காலால் கம்பத்தை அடித்துச் சாய்த்து
அது நிமிர்வதற்குள் அடுத்ததில் இருக்கிறார்கள்.
ஐம்பது நொடி.
அதற்காக எத்தனை விடியற்காலை எழுந்திருப்பார்கள்.

பத்து மணிக்குமேல் மேகம் இறங்கியது.
முதலில் சத்தம்தான் வரும்,
பனிக்கட்டியை இரும்பு சீவுகிற சத்தம்.
பிறகு ஒரு நிறம். பிறகு ஒரு முகம்.
பிறகு ஒன்றுமில்லை.

ஐம்பத்தெட்டாம் எண்.
ஹெல்மெட்டின் பின்னால் யாரோ ஒட்டிய தவளைப் படம்.
முப்பத்து மூன்றிலேயே பிந்திவிட்டாள்.
முப்பத்து நான்கில்
வெளிக்கால் சரியாகத்தான் போனது.
உள்கால் பலகையின் நுனி மட்டும்
அந்தப் பக்கம் நுழைந்து,
நீலக் கம்பத்தை இரு கால்களுக்கும் நடுவே விழுங்கி
மறுகணம் துப்பியது.

அவ்வளவுதான். ஒரு கை அகலம்.
அவள் விழவில்லை, நிற்கவில்லை.
மேகத்துக்கு அடியில் ஒலிபெருக்கி
அவள் பெயரைத் தப்பாக உச்சரித்து
இரண்டாம் இடம் என்றது.
மாட்டுமணிகள் குலுங்கின.

வேறு யாரும் பார்க்கவில்லை.
பனி பார்த்தது: இரண்டு கோடு.
அதையும் தடம் சீராக்கும் பையன்கள்
பக்கவாட்டில் சறுக்கி வழித்துக்கொண்டு போனார்கள்,
ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறவர்கள்போல.
இனி அது இருப்பது என் கண்ணில் மட்டும்.
என் கண்ணுக்கு ஐம்பத்து மூன்று வயது.

எண்ணை எழுத வேண்டும். வாயிலை எழுத வேண்டும்.
பக்கத்தில் படமும் வரைய வேண்டும், அது விதி.
கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
கம்பம் ஒரு புள்ளி.
புள்ளிக்கு வலப்புறம் ஒரு கோடு,
இடப்புறம் ஒரு கோடு,
இரண்டும் கீழே போய்ச் சேர்ந்தன.
குழந்தை வரைந்த மீன்போல இருந்தது,
கண்ணுள்ள மீன்.

ஐயம் வந்தால் பிள்ளைகள் பக்கம் நில்லுங்கள்
என்று காலைக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள்.
வருமா என்று காத்திருந்தேன்.
ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்தொன்று.
வரவில்லை.

மதியம் பலகையில் ஒட்டிய தாளில்
ஒரே வரியில் எங்கள் இருவரையும் போட்டிருந்தார்கள்.
நெய்ரா செங்கிச், சரயேவோ. 34. நீக்கம்.
வாயில் நடுவர்: மிலோய்கா ஹ்வாலா.
ஹ்வாலா என்றால் எங்கள் மொழியில் நன்றி.
அவள் மொழியிலும் அதேதான்.

பயிற்சியாளர் வந்தார், தாடியில் பனியோடு.
பார்த்தீர்களா?
பார்த்தேன்.
எவ்வளவு தூரத்தில்?
எட்டு மீட்டர்.
மேகம் இருந்ததே?
இருந்தது, எட்டு மீட்டருக்கு அப்பால்.
அவர் அந்த மீனை நெடுநேரம் பார்த்தார்.
பிறகு அட்டையை இரு கைகளாலும் திருப்பித் தந்தார்.

நான்கு மணிக்குக் கம்பங்களைத் திருகிப் பிடுங்கினோம்.
வேண்டியபோது விலகாத மேகம் இப்போது விலகியிருந்தது.
பிடுங்கிய இடமெல்லாம் கட்டைவிரல் அகலக் குழிகள்,
எல்லாம் ஒன்றுபோலவே.

அவள் வந்தாள், லிஃப்டில் ஏறி, தனியாக.
எண்சட்டை இல்லை. தவளை இருந்தது.
என்னை அவளுக்குத் தெரியாது.
கம்பம் சுமக்கும் யாரோ ஒரு பெண் நான்.

குழிகளை எண்ணிக்கொண்டே இறங்கி
ஒன்றின் அருகே நின்றாள்.
கைக்கோலை அதற்குள் விட்டு ஆழம் பார்த்தாள்.
பக்கவாட்டில் நாலடி மேலேறி,
மூச்சை இழுத்து,
மெல்ல, மிக மெல்ல,
இரண்டு கால்களையும்
அதன் வெளிப்புறமாகச் சுற்றிக் கொண்டுபோனாள்.
பிறகு திரும்பிப் பார்க்காமல் கீழே.

அது முப்பத்து மூன்றின் குழி.
நான் சொல்லவில்லை.