நாற்பத்தோரு வரி

ஈரானியப் படம். ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம்.
மொத்தமே நாற்பத்தோரு வரிதான் பேசுகிறார்கள்.
தமிழ் சப்டைட்டிலுக்கு வரிக்குப் பதினோரு ரூபாய்.
நானூற்று ஐம்பத்தொன்றுக்கு ஒரு பழிவாங்கல்.

காட்பாடியில், மாடியறையில்,
ஹெட்போனை மாட்டினால்
காற்று. செருப்புக்கடியில் சரளை.
ஒருவன் முன்னால் போகிறான், தோளில் தோல்பை.
ஒருவன் பின்னால், துப்பாக்கியில் ஒரே தோட்டா.
யார் யாரைக் கொன்றார், எப்போது,
படம் சொல்வதில்லை.
முன்னவன் ஊற்றில் குனிந்து குடித்து முடிக்கும்வரை
பின்னவன் நிற்கிறான்.
பிறகு அதே இடத்தில் அவனும் குனிகிறான்.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
இங்கேயே எடுத்திருக்கலாம், லொகேஷன் செலவு மிச்சம்.

எனக்குப் பாரசீகம் தெரியாது.
அவர்கள் அனுப்பும் இங்கிலீஷைப் பார்த்து எழுதுகிறேன்.
00:58:13.
பாறை நிழலில் பின்னவன் வாய் திறக்கிறான்.
இங்கிலீஷில், ‘இது இன்னும் முடியவில்லை.’
காதிலோ
பாக்கி.
திருப்பி ஓட்டினேன்.
பாக்கி.
கீழ்வீட்டு தபஸ்ஸுமைக் கூப்பிட்டேன்,
பேரணாம்பட்டுக்காரி, வீட்டில் உருது.
ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாள்.
“பாக்கின்னுதாம்மே சொல்றான்.
இதுக்கு இன்னாத்துக்கு உனக்குத் துட்டு?”

மளிகைக்கடை நோட்டில் கிடக்கிற சொல்.
சீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்கிற சொல்.
அந்தச் சரளையில் அது எனக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது.

விரிஞ்சிபுரத்துக்குக் கிழக்கே பாலாற்றில்
ராத்திரி ரெண்டு மணிக்கு மணல் லாரியை மறித்தவன்
என் அண்ணன் தணிகாசலம்.
கையில் டார்ச் மட்டும்.
டயர்த் தடம் எங்குமே வளையவில்லை.
அதை ஸ்டேஷனில் எழுதிக்கொள்ளவில்லை.
லாரியை ஓட்டிய சம்பங்கி
நாற்பதாம் நாள் ஜாமீனில் வந்தான்.
திங்கள்தோறும் பத்து மணிக்குக் கையெழுத்து.
பத்தேகாலுக்கு எதிர் பேக்கரியில் டீ,
ஒரு வெண்ணெய் பிஸ்கெட், அதைப் பாதி நாய்க்கு.
பத்தேமுக்காலுக்கு ஷேர் ஆட்டோ.
அடுத்த ஆட்டோவில் நான்.
பின்னணி இசை கிடையாது.

ஆவணியில் ஒரு திங்கள் அவன் வீட்டுக்குப் போகவில்லை.
வேலூர் வந்து அமிர்தி பஸ் ஏறினான்.
நான் பின்வாசலில்.
செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே இறங்கிக்
காட்டுக்குள் நடந்தான்.
காரைமுள், உண்ணிச்செடி,
துப்பட்டா மூன்று இடத்தில் கிழிந்தது.
ஒருமுறையும் அவன் திரும்பவில்லை.
வறண்ட ஓடையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து
பாட்டிலில் பாதியைக் குடித்தான்.
மூடியைத் திருகி
மீதியைப் பாறையில் வைத்துவிட்டு
எட்டப் போய் உட்கார்ந்தான்.

பாட்டிலுக்குள் வெயில் ஆடியது.
என் உள்ளங்கையில் ஒரு கல்.
எங்கே குனிந்து எடுத்தேனோ, சூடாக இருந்தது.

“இன்னும் எத்தினி திங்கக்கெழம பாக்கி கீது?”
எதிர்ச்சரிவைப் பார்த்தபடியேதான் கேட்டான்.

கோர்ட்டைக் கேட்டானா, என்னைக் கேட்டானா.
எந்த வரியும் ஆறு நொடிக்கு மேல்
திரையில் நிற்கக் கூடாது, எங்கள் தொழிலில் அது விதி.
அது நின்றது.
ஒரு மைனா வந்து, பாட்டில் பக்கம் நடந்து, போனது.

நான் குடிக்கவில்லை.
திரும்பும் பஸ்ஸில் சில்லறைக்குக் கையை விரித்தபோது
கண்டக்டர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்:
பாக்கி 13.
கேட்டு வாங்காமலே இறங்கிவிட்டேன்.

படத்தை அனுப்பியாயிற்று.
00:58:13ஐ மட்டும் காலியாக விட்டேன்.
வரி விடுபட்டுள்ளது என்று
பதினோரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபேன் போட்டால் டிக்கெட் பறக்கிறது.
மேல் அந்தக் கல்லை வைத்திருக்கிறேன்.
நாளை திங்கள்.