முப்பத்தெட்டுப் பாகை

முழங்கையைத்தான் முதலில் விடுவேன்.
விரல் பொய் சொல்லும்.
பத்தொன்பது வருடம்
எர்லன்பாட் குளியல் மண்டபத்தில்
தொட்டி தொட்டியாய் நீர் கலந்த முழங்கை இது.

ஜெர்மனி வரைபடத்தில் மடிப்பு விழுகிற இடம் அந்த ஊர்.
நாலு ஹோட்டல், இரண்டு மருந்துக்கடை,
முட்டுவலிக்கென்றே ஓடுகிற ஒரு ரயில்.
வந்து இறங்குபவர்கள்
மூக்கு வைத்த குவளையை ஏந்தி
ஆணி ஊறவைத்ததுபோல் ருசிக்கும் தண்ணீரை
உறிஞ்சி உறிஞ்சிப் பூங்காவைச் சுற்றுவார்கள்.
சுகம் என்பது அங்கே
காலை ஏழரைக்குத் தொடங்குகிற உத்தியோகம்.

சனிக்கிழமைகளில் ஊர் நினைவுக்கூடத்தின் சாவி என்னிடம்.
வேறு யாரும் கேட்கவில்லை, அதனால்.
நொண்டி நாயொன்று சேற்றில் புரண்டு
எழுந்து ஓடிய கதையைப்
பிழையில்லாத ஜெர்மனில் சொல்வேன்.
ஊற்றைக் கண்டுபிடித்தது நாய்,
பெயர் வைத்துக்கொண்டது பிரபு.
அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

மூன்றாம் கண்ணாடிப் பெட்டியில் விருந்தினர் பதிவேடு.
தூசு தட்டுகையில் ஒருநாள் தாள்களை எண்ணினேன்.
முப்பத்திரண்டாம் ஆண்டுக் கோடையில்
பதினொன்றைச் சவரக்கத்தி எடுத்திருந்தது,
தையலில் ஒட்டிய விளிம்பு மட்டும் மிச்சம்.
வருஷா வருஷம் வந்தவர்கள், என்றாள் ஃபிராவ் ஹாக்கெ.
யூதர்கள்.
பிறகு குளிக்க விடவில்லை.
சொல்லிவிட்டு யன்னலைத் திறந்தாள்,
புழுக்கம் ஒன்றும் இல்லாத நாளில்.

இன்றைக்கு மகா ஓயா.
ஏறாவூர் நவ்பரின் வான்.
மச்சாள் யோகமலர், அவளுடைய வலது முட்டு,
அவிக்கவென்று பதினாறு முட்டை.
செங்கலடியில் திரும்பிக் கரடியனாறு, புல்லுமலை.
சோதனைச்சாவடி நின்ற இடத்தில்
ஒருவர் வத்தகைப்பழம் விற்கிறார்.
அண்ணன் உழவு இயந்திரத்தோடு
இந்த வீதியால் போனது தொண்ணூறு ஆனியில்.
யோகமலர் பழத்துக்கு விலை பேசினாள்,
நூறு ரூபாய் குறைத்தாள்.

சதுரச் சதுரமாய்ச் சீமெந்துக் கிணறுகள்,
ஆளுக்கொரு சூடு.
கடைசிக் கிணறு ஐம்பத்திச் சொச்சம்.
முட்டை அவியாதுகா, என்கிறேன்.
"உனக்கு ஜெர்மன் தண்ணி தெரியும்,
இஞ்சத்தத் தண்ணி என்ன தெரியும்" என்று
பையோடு இறக்குகிறாள்.

பக்கத்தில் சவர்க்காரம் நீட்டிய சிங்களப் பெண்ணிடம்
உடைந்த சிங்களத்தில் கேட்டேன்:
இதைக் கண்டுபிடித்தது யார்?
கண்டுபிடிக்க, யார் தொலைத்தது?
என்று சிரித்துவிட்டுத் தலை துவட்டப் போனாள்.
பதிவேடு இல்லை இங்கே.
அறுத்த விளிம்பைத் தடவிப் பார்க்கவும்
ஒன்றும் இல்லை.

இதில் மூன்று வாளி, அதில் ஒன்று,
முழங்கை சரி என்றது.
முட்டில் ஊற்றினேன்.
"இன்னும் கொஞ்சம் சூடா."
இன்னும் கொஞ்சம்.

நவ்பர் முட்டையொன்றை உடைத்தான்.
உள்ளங்கை வழியே ஒழுகி மணிக்கட்டுக்குப் போனது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.

காலை நீட்டி மடக்கியபடி
யோகமலர் கேட்கிறாள்:
"அந்த நாய்க்குக் கால் சுகமானதா?"
கதையில சுகமானது, என்றேன்.
"ஊத்து" என்றாள்.