மைக்செட் கஸ்பாரின் கணக்கு

கொடியேற்றுக்கு முந்தின நாள்.
கோபுரத்தில் இரண்டாவது குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
ஏணி ஆடியது.
கீழே பிடித்திருந்த பயலைத் திட்டினேன்.
"நான் ஆட்டலண்ணே,
தரைதான் ஆடுச்சு" என்றான்.

கூடுதாழைக் கரையில்
நெத்திலி ஏலம் ஒரு மூச்சு நின்று
விட்ட தொகையிலிருந்து தொடர்ந்தது.

தராசு கழுவுகிற நேரம்.
மேலே நிற்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும்:
கடல் பின்னால் போகிறது.
வத்தம் இல்லை இது.
வத்தத்துக்கு ஒரு நடை உண்டு,
விருந்துக்கு வந்தவர் மாதிரி
சொல்லிக்கொண்டு போகும்.
இது கடன்காரனைப் போல நழுவியது.

பிறந்ததிலிருந்து நான் காணாத பாறையொன்று
பாசியோடு எழுந்து நின்றது.
அதன் இடுக்கில் துள்ளிய மீனுக்குப்
பதினோரு பிள்ளைகள் ஓடினார்கள்.
தஸ்நேவிஸ் முந்தியை விரித்துக்கொண்டு பின்னால்.

மைக்கில் எனக்குத் தெரிந்தது
"செக், செக்" ஒன்றுதான்.
அதைத்தான் முதலில் சொன்னேன்.
அப்புறம் எங்கிருந்தோ வந்தது:

ஏல மக்கா, மீனை விடு!
வலையை விடு, வண்டியை விடு!
தேரிக்கு ஓடு, செம்மணல் மேட்டுக்கு ஓடு!
வேடிக்கை பார்க்க நிக்காதே,
அது பார்க்கிற தூரம் வந்துட்டா
ஓடுற தூரம் இருக்காது!

ஊர் ஓடியது.
படுத்த படுக்கையாயிருந்த சிலுவைக்கண்ணுவைக்
கட்டிலோடு தூக்கினார்கள்.
அவர் வெற்றிலைச் செல்லம் கேட்டு அழுதார்.

வந்தது ஓர் அலை.
ஐஸ் பெட்டிகளை நனைத்து,
இரண்டு செருப்பை எடுத்துக்கொண்டு
திரும்பிப் போனது.

தேரியில் சிரித்தது கோபுரம் வரை கேட்டது.
இறங்கத் தொடங்கினார்கள்.
"முதல் அலையை நம்பாதீங்க,
பின்னால வாரதுதான் பெருசு, இருங்கலே!"
தொண்டை கிழிந்தது.
பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் ஏசினார்கள்,
யாரும் இறங்கவில்லை.
பொழுது சாயும்வரை சுடுமணலில் இருந்தார்கள்.
அடுத்ததும் செருப்பளவுதான்.

கருகிய குழம்பு, நாறிய நெத்திலி,
கட்டிலின் உடைந்த கால்,
எல்லாம் என் பேரில் எழுதியிருக்கிறார்கள்.
கமிட்டி வாடகையில் பாதியைப் பிடித்துவிட்டது.
பிடிக்கட்டும்.

அன்று சாயங்காலம்
தேரியிலிருந்து இறங்கிய பிள்ளைகளை
விரல் விட்டு எண்ணினேன்.
ஒன்பதில் தப்பிப்போய் மறுபடி எண்ணினேன்.
பதினொன்று.

அடுத்த வருஷமும் குழாய் நான்தான் கட்டுவேன்.
ஒன்றை மட்டும்
கடல் பக்கமாய்த் திருப்பி.