கோப்பைக்குள் கரண்டி

வடிகால் வாரியத்தில் எனக்கு வேலை.
கடலைவிடத் தாழ்ந்த நிலம் எங்கள் கிழக்கு ஃப்ரீசியா.
இங்கே தண்ணீர்தான் மிராசுதார்,
நாங்களெல்லாம் குத்தகைக்காரர்கள்.
நவம்பரில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
நேராக உள்ளே வந்துவிடும்.

தேடா ஹரிங்காவின் சமையலறை.
மேசைக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் ஹப்போ,
நடுவில் என் படிவம்.
இரண்டு கையெழுத்து வேண்டும்.

பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.
கேட்காமல் அவன் ஆழப்படுத்திய வாய்க்காலில்
அவளுடைய மாடு ஒன்று விழுந்தது.
அவன் கணக்கில் அது கிடாரி.
அவள் கணக்கில் சினைப்பசு.

ஆனாலும் வாசற்படி ஏறி வந்தவனுக்குத்
தேநீர் ஊற்றாமலிருக்க அவளுக்குத் தெரியாது.
சிவப்பு ரோஜா வரைந்த கோப்பை
பகையாளிக்கும் ஒன்று உண்டு.

முதலில் கற்கண்டு, கோலிக்குண்டு அளவு.
அதன் தலையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர்.
உள்ளுக்குள் விரிசல் ஓடும்:
டிக்.
யாரோ விரலில் நெட்டி முறிப்பது போல.
பிறகு பாலேடு, ஓரமாக ஒரு சொட்டு,
கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.
அடியில் போய் முட்டி
மேகமாகத் திரும்பி வரும்.
கலக்கக் கூடாது.
மேலே வழவழப்பு, நடுவில் கசப்பு, கடைசியில்தான் இனிப்பு;
வருகிற வரிசையில் வரட்டும் என்பது ஊர் நியாயம்.

அப்படியானால் கரண்டி எதற்கு?
போதும் என்று சொல்ல.
காலிக் கோப்பைக்குள் அதை நிறுத்தும்வரை
ஊற்றிக்கொண்டே இருப்பாள்.
வந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டால்
சபை கலைந்தது.

மூன்று கோப்பை முறை.
மூன்றாவது தீர்ந்ததும்
ஹப்போவின் விரல் கரண்டியைத் தொட்டது.
படிவம் வெள்ளையாகவே கிடந்தது.
நான் என் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.
"இன்னும் கொஞ்சம்."
ஒரு விருந்தாளி குடித்துக்கொண்டிருக்கையில்
இன்னொருவர் எழுந்து போவது மரியாதையில்லை.
அவன் கரண்டியை விட்டான்.

நாலு.
டிக்.
காற்றாலைகளைப் பற்றி நான் பேசினேன்.
ஐந்து.
மழை அதிகம் என்று அவன் என்னிடம் சொன்னான்.
போன வருஷம் இதைவிட அதிகம் என்று
அவளும் என்னிடம்தான் சொன்னாள்.
தபால்பெட்டியாக நடுவில் நான்.
ஆறு.
கெண்டிக்குக் கீழே மெழுகுவர்த்தி பாதியாயிருந்தது.
அஸ்ஸாமில் எந்தத் தோட்டத்திலோ பறித்த இலை
கப்பலேறிக் கடல் கடந்து வந்து
என் அடிவயிற்றில் கூடிக்கொண்டிருந்தது.

ஏழாவதில்,
மதகு அடைத்த வாய்க்காலின் வேதனை
உத்தியோகம் சாராத வகையில் எனக்குப் புரிந்தது.
கரண்டியை வைத்தேன்.
வேறு வழியில்லை.
தேடா நடையின் கோடியைக் கைகாட்டினாள்,
முகத்தில் ஒரு சிரிப்பைக் கடித்துக்கொண்டு.

கழிவறைச் சுவரில்
போன வருஷத்து அலை அட்டவணை.
முடிந்த ஓதங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.
திரும்பிப் போகையில்
நாற்காலி காலியாயிருக்கும்,
வாசலில் அவன் பூட்ஸ் இருக்காது,
வசந்தத்தில் மறுபடியும் நான், படிவம், ஏழு கோப்பை.
என் ஒருத்தியின் வயிற்றை நம்பியா
ஒரு வாய்க்கால் ஓட வேண்டும்?

காதைக் கொடுத்தேன்.
காற்று.
குளிர்பெட்டியின் முனகல்.
நாற்காலி இழுபடும் சத்தம் இதோ வருகிறது,
இதோ.

வரவில்லை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
"கிடாரிதான்," என்று ஒரு குரல்.
அப்புறம் நெடுநேரம் எதுவுமில்லை,
வார்த்தைகூட இல்லை,
ஊற்றுகிற ஓசை மட்டும்.
மெல்ல,
டிக்.
கொஞ்சம் பொறுத்து,
இன்னொரு கோப்பையில், டிக்.

நான் இரண்டாம் முறையாகக் கை கழுவினேன்.