முட்டையின் வெள்ளைக்கரு

உலான்பாத்தர். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண் ஈரல்
நேற்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டது.

கட்டி பழுப்பு. கட்டியைச் சுற்றிய ஈரலும் பழுப்பு.
நார், பித்தக்குழாய், ஓரம்,
எல்லாம் ஒரே தேயிலைத் தண்ணீரில் முக்கியெடுத்தது போல.
டாக்டர் ஸரங்கூ லென்சிலிருந்து கண் எடுக்காமலே சொன்னார்:
"இது பதில் இல்லை, நர்மந்தாக். இரைச்சல்."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.
இந்தக் கட்டி ஈரலிலேயே பிறந்ததா,
வேறெங்கோ பிறந்து ரத்தத்தில் ஏறி
இங்கே இறங்கியதா?
ஸாவ்ஹானிலிருந்து ஆட்டுத்தோல் லாரி ஓட்டிவந்தவர்
மூன்றாம் மாடியில்
பூட்ஸைக் கழற்றாமல் காத்திருக்கிறார்.

முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன்.
ஹீட்டர் பக்கம் வைத்த ஸ்லைடு உலர்ந்திருக்கும்;
இந்த ஊர்க் குளிர்காலக் காற்று ஈரத்தை நக்கித் தின்னும்.
ஈரப்பெட்டி மூடியை டேப் போட்டு ஒட்டினேன்.
பழுப்பு.
ஆன்டிபாடியை இன்னும் இருமடங்கு நீர்த்தேன்.
பழுப்பு.
ஆன்டிபாடியே போடாமல் ஒரு ஸ்லைடு ஓட்டினேன்.
கூப்பிடாத கல்யாணத்தில்
முதல் பந்தியில் உட்கார்ந்தவன் போல
அதுவும் பழுப்பு.

அப்போது கொஞ்சம் நிம்மதி, சொன்னால் சிரிப்பீர்கள்.
ஆன்டிபாடி மேல் பழி இல்லை.

பெராக்சைடு புதுப் புட்டி திறந்தேன்.
நிறமி மட்டும் ஊற்றிய ஸ்லைடு வெளுப்பாகவே நின்றது.
சரி, ரத்தத்தின் நொதி அடங்கிவிட்டது.
ஸ்ட்ரெப்டவிடினும் நிறமியும் ஊற்றிய ஸ்லைடு
மாலை ஆறேகாலுக்கு, கண்ணெதிரே,
பொடிப்பொடியாய்ப் பழுத்தது.

பயோட்டின்.
ஈரல் தன் வீட்டுச் செலவுக்குச் சேர்த்து வைத்திருந்த வைட்டமின்.
பஃபரில் போட்டுக் குக்கரில் கொதிக்கவிட்டபோது
நான்தான் அதை எழுப்பிவிட்டிருக்கிறேன்.
இரண்டாம் ஆன்டிபாடியில் நாங்கள் கட்டி அனுப்பும் அதே கொக்கி
அங்கே முன்பே ஆயிரமாயிரமாய்த் தொங்கிக்கொண்டிருக்க,
வந்தது எதில் மாட்டும்?

தடுப்பான் கிட் பதினெட்டு நாளாய்ச் சுங்கத்தில்.
புரேவ் சந்தைக்குப் போனான்.
மேல்கோட்டுக்குள், விலாவோடு அணைத்து,
உறைந்துவிடாமல் நான்கு முட்டை கொண்டுவந்தான்.

வெள்ளைக்கருவில் அவிடின் இருக்கிறது.
பயோட்டினைப் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் நான்கு கை.
நீரில் கலக்கி, வடிகட்டி,
ஸ்லைடின் மேல் கால் மணி நேரம்.
கழுவினேன்.
பிடிக்க ஆளில்லாமல் மிஞ்சிய கைகளுக்கு
கொழுப்பு நீக்கிய பால்; பாலிலும் பயோட்டின் உண்டு.
மறுபடி கழுவினேன். பிறகுதான் ஆன்டிபாடி.

இன்று காலை,
சுற்றியிருந்த நல்ல ஈரல் மட்டும் பழுப்பு, மணல்மணலாய்.
நடுவே கட்டி வெளிர்நீலம்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத முதுகு.
டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.
"இங்கே பிறந்ததாகத் தெரியவில்லை."
சீட்டில் வேறு நான்கு ஆன்டிபாடிகளை எழுதினார்,
குடலா, நுரையீரலா, கணையமா,
எந்த ஊர் என்று விசாரிக்க.

லாரிக்காரருக்கு
எந்தப் பக்கம் விழுந்தாலும் நல்ல சேதி இல்லை.
அது எனக்கு நேற்றே தெரியும்.
ஆனாலும் அந்த நீலத்தை
இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தேநீர் அறையில் ஒரு கோப்பையில்
நேற்றைய மஞ்சள் கரு நான்கு.
புரேவ் அவற்றை நூடுல்ஸில் ஊற்றிக் கிளறியபடி கேட்டான்,
இன்றைக்கு எத்தனை முட்டை?
பதினாறு ஸ்லைடு, என்றேன்.
மூன்று போதும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போ.