முந்நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

சேவுகன் அதுவரை போட்டதெல்லாம்
ஆழ்துளைக் கிணறு.
கல்லலிலிருந்து காளையார்கோவில் வரை
அவர் ரிக் வண்டி நிற்காத பொட்டல் இல்லை.
விரிசலில்தான் தண்ணீர்,
விரிசலைத் தேடித்தான் பாறைக்குள் இறங்குவது.
அவருக்குத் தெரிந்த நிலவியல் அவ்வளவு.

நாங்கள் கேட்டது விரிசலே இல்லாத கல்.
தூளாக்காமல்
முழு உருளையாக மேலே வர வேண்டும்.
"தண்ணி வந்துட்டா?" என்றார்.
வரக் கூடாது என்றேன்.
வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை
அப்படியே நின்றது.

குன்றக்குடி தாண்டிய புறம்போக்கில்
ரிக்கைப் பார்த்துவிட்டு
டீக்கடையில் கேட்டார்கள்,
அணுக்குப்பையை இங்கதான் புதைக்கப்போறீகளா?
இல்லை, கல்லின் குணம் பார்க்கிறோம்
அவ்வளவுதான் என்றேன்.
உண்மையும் அதுதான்.
"பொண்ணு பார்க்க வர்றவுகளும்
சும்மா பார்த்துட்டுப் போறோம்னுதான் சொல்லுவாக"
என்றாள் வடைச்சட்டியிலிருந்து
தலை நிமிராமல் பஞ்சவர்ணம்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

காரைக்குடியில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
எங்கள் ஆய்வுக்கூடம்.
அரைமுழ உருளையை எஃகு உறைக்குள் நிறுத்தி
தொண்ணூறு டிகிரிக்குச் சூடேற்றி
சுற்றிலும் அழுத்திவிட்டு
உட்கார்ந்திருப்பது என் வேலை.
ஒரு வாரத்தில்
தலைமயிர்த் தடிமனில் நூறில் ஒரு பங்கு சுருங்கும் கல்.
உள்ளே ஒரு படிகம்
பக்கத்துப் படிகத்தைவிட்டு விலகும் ஓசை
திரையில் ஒரு புள்ளி.
இரவு முழுக்க எண்ணுவேன்.
பதினேழு.
பதினேழு.
பதினேழு.
மூன்றரை மணிக்குப் பதினெட்டு.

ஒரு லட்சம் ஆண்டுக்கான பதிலை
நாற்பது நாளில் கேட்டு வாங்கி
பெருக்கிக்கொள்கிறோம்.
பெருக்கும்போது பிழையும் பெருகும்.
அதற்கு அறிக்கையில்
சின்னதாக ஒரு கூட்டல் கழித்தல் குறி.

உருளைகளை அடுக்க
கோட்டையூரில் ஒரு வீட்டுப் பட்டாலையை
வாடகைக்கு எடுத்திருந்தோம்.
இருபத்தாறு பங்காளிகள்,
கையெழுத்துகள் சேர எட்டு மாதம்.
பின்கட்டில் ஐந்தாவது அறைக்கு மட்டும்
சாவி யாரிடம் என்று தெரியவில்லை.
தொண்ணூறு வருடப் பூட்டாம்.
உள்ளே என்ன என்றேன்.
"அது தெரியாதுங்க. பூட்டு நல்ல பூட்டு"
என்றார் கணக்குப்பிள்ளை.
அதையும் குறித்துக்கொண்டேன்,
எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியாமல்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.
முந்நூற்றுப் பதினொன்று வரை
கல் கண்ணாடி மாதிரி வந்தது.
தட்டினால் வெண்கலம்.
தலைமை அலுவலகத்துக்குப்
பாதிக் கடிதம் எழுதிவிட்டிருந்தேன்.

மானியின் முள் அசையும் முன்பே
சேவுகன் செருப்பைக் கழற்றினார்.
உள்ளங்காலில் அவருக்கு என்ன கேட்டதோ.
கம்பி ஒருமுறை துள்ளியது.
விட்ட தண்ணீரைவிட
வந்த தண்ணீர் அதிகம்.
முதலில் சாம்பலாக,
பிறகு தெளிந்து,
பிறகு நிற்காமல்.

யார் போய்ச் சொன்னார்களோ,
குடங்கள், பெயிண்ட் வாளிகள்,
பஞ்சவர்ணத்தின் பால் கேன்.
சோதிக்காமல் குடிக்காதீர்கள் என்று கத்தினேன்.
கல்லிலேயே கொஞ்சம் யுரேனியம் உண்டு,
புளோரைடு உண்டு என்றேன்.
குடங்கள் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டன.

சேவுகன் ஒரு கை ஏந்தினார்.
குடிக்கவில்லை. முகர்ந்தார்.
"இது எம்புட்டு வருசத்துத் தண்ணிம்மா?"
பத்தாயிரம் இருக்கலாம்.
போன ஐப்பசி மழையாகவும் இருக்கலாம்.
மழை என்றால்
மேலே இருப்பதற்குக் கீழே போக வழி தெரியும்.
கீழே இருப்பதற்கு
மேலே வரவும் தெரியும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
ஒரு பாட்டிலில் பிடித்து மூடி இறுக்கினேன்.

இரவு பதிவேட்டில் எழுதியது:
ஆழம் 312.4. திறந்த விரிசல்.
சாய்வு அறுபது டிகிரி. நீர்வரத்து தொடர்கிறது.
இவ்விடம் தகாது.

கீழே, துளையிட்டவர் குறிப்பு என்ற கட்டத்தில்,
இருபது வருடப் பழக்கத்தில்,
எழுத்துக்கு எழுத்து பேனாவை அழுத்தி
அவர் எழுதியிருந்தார்:
நல்ல ஊற்று.