நான்கு மில்லிமீட்டர்

முதலில் பழி ரிக்ஸ்ட் மேல்தான் விழுந்தது.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே,
விரல் வேறு எப்போதும் ஃபெம்மாவின் முதுகில்.
ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரே வண்டியில் வந்த
இரண்டு ரீசஸ் கிழவிகள்.
"பிடுங்கித் தின்கிறாள்" என்றார் வைப்ரன்,
இருபது வருடமாய் இவற்றுக்குச் சோறு வைப்பவர்.
நானும் தலையாட்டினேன்.
நடுவில் ஒரு கம்பிக்கதவு. பதினொரு வாரம்.

வெளியே ஃப்ரீஸ்லாந்தின் மழை
படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
உள்ளே ஃபெம்மாவின் வழுக்கை
யூரோ நாணயமாயிருந்தது
தேநீர்த் தட்டாகி, பிறகு
இடுப்புவரை இறங்கியது,
பிடுங்க யாருமில்லாத அறையில்.

பிடுங்கிய இடம் என்றால் கீறல் இருக்கும்,
முறிந்த கட்டைகள் குத்தும்.
இங்கே தோல்
முட்டை ஓட்டின் உள்சவ்வு போல வழவழப்பு.
சுரண்டிப் பார்த்தேன், சொறிப்பூச்சி இல்லை.
ஊதா விளக்கில் எதுவும் ஒளிரவில்லை.
தைராய்டு சரி.
கர்ப்பமோ என்றேன். வைப்ரன் இருமும்வரை சிரித்தார்.
புழுவெட்டு என்பார்கள்.
புழுவும் கிடையாது வெட்டும் கிடையாது.

வட்டத்தின் ஓரத்தில் சில முடிகள் மட்டும்
அடி மெலிந்து நுனி தடித்து
ஆச்சரியக்குறிகளாய் நின்றன.
மார்ச்சிலேயே பார்த்திருக்கிறேன் அவற்றை.
படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மயக்க மருந்து. சிறிய துளைப்பான்.
நான்கு மில்லிமீட்டர் தோல்
க்ரோனிங்கனுக்குத் தபாலில் போனது.
வெள்ளிக்கிழமை யெல்லே கூப்பிட்டார்:
"ஒவ்வொரு வேரைச் சுற்றியும் கூட்டம்,
கல் பட்ட தேன்கூடு மாதிரி.
எல்லாம் அவளுடைய சொந்த அணுக்கள்.
காவலுக்கு இருந்தவை."
அப்புறம், அங்கேயும் மழையா என்று கேட்டார்.

மருந்து உண்டா என்றார் வைப்ரன்.
உண்டு. முளைக்கலாம். முளைத்து மறுபடி உதிரலாம்.
வலிக்குமா?
வலிக்காது. குளிரும்.
அவர் எழுந்து போய்
வெப்ப விளக்கை ஒரு சாண் இறக்கிக் கட்டினார்.

ரிக்ஸ்டின் கோப்பில்
'முடி பிடுங்குபவள்' என்ற வரியை அடித்தேன்.
அடித்த கோட்டுக்கு அடியிலும்
அதைப் படிக்க முடிந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தோம்.
உடனே வரவில்லை அவள்.
எங்களைப் பார்த்தாள். கதவு இருந்த இடத்தைப் பார்த்தாள்.
கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்துவிட்டு
மெல்ல வந்து, பின்னால் உட்கார்ந்து,
ஒரு முடிகூட இல்லாத அந்த முதுகில்
வகிடு எடுக்கத் தொடங்கினாள்.